ஃபேருரை

பாயிரம்

நம் முன்னோர் எந்த நூலுக்கும் பாயிரம் வைத்துத்தான் வாசகனை உள்ளே விட்டார்கள். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் அதில் சொல்லியாக வேண்டும். அந்த மரபை இங்கும் காப்போம். ஆக்கியோன் பெயர் தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. வழி, நன்னூலும் நாலைந்து ஆங்கில அகராதிகளும். எல்லை, வடக்கே தேம்ஸ் ஆறு, மேற்கே நியூயார்க் சுரங்க ரயில், தெற்கே நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டு. கிழக்கே எல்லை வைக்கவில்லை. ஆய்வுக்கு நிதி போதவில்லை. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, தொகைவிரி என்று சொல்லிக்கொள்ளலாம். விரி சற்றுக் கூடுதல். நுதலிய பொருள், 'ஃபேர்' என்னும் நாலெழுத்து ஆங்கிலச் சொல். கேட்போர், பஸ்ஸுக்குக் காத்திருப்போர். பயன், எந்தப் போட்டித் தேர்விலும் இதைக் கேட்க மாட்டார்கள் என்கிற நிம்மதி.

ஆய்வுச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். பழைய லண்டனில் ஒரு படகோட்டி தன் ஒருநாள் பிழைப்பை மனைவியிடம் இப்படிச் சொல்லியிருக்க முடியும்: காலையில் ஒரு ஃபேர் ஏறினார், ஃபேர் கொடுத்தார், வழியில் தான் கொண்டுவந்த ஃபேரைத் தின்றார், இறங்கும்போது ஃபேர்வெல் சொன்னார், மொத்தத்தில் நான் இன்று நன்றாகவே ஃபேரினேன். முதல் ஃபேர் ஆள். அடுத்தது காசு. அதற்கடுத்தது சோறு. நான்காவது வாழ்த்து, ஐந்தாவது வினைமுற்று. ஏறிய ஆளையும் அவர் நீட்டிய காசையும் அவர் தின்ற சோற்றையும் ஒரே சொல்லால் குறித்த மக்கள் உலகில் கால்வாசியை எப்படி ஆண்டார்கள் என்பது வரலாற்றுத் துறையின் கவலை. ஒரு சொல் இத்தனை பேரை எப்படி ஏற்றிக்கொண்டது என்பது மட்டுமே நம் கவலை.

வினையியல்

மூலம், பழைய ஆங்கிலத்தில் 'ஃபரன்' என்ற வினை. போ, பயணம் செய் என்பதே அதன் பொருள். ஜெர்மானியர் அதே வினையை 'ஃபாரன்' என்று இன்றும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களுடைய நெடுஞ்சாலையில் வெளியேறும் வழிதோறும் 'அவுஸ்ஃபார்ட்' என்று பலகை இருக்கும். ஜெர்மன் தெரியாத சுற்றுலாப் பயணிகள் அதை ஊர்ப்பெயர் என்று எண்ணிக்கொண்டு, எவ்வளவு போனாலும் இந்த ஊர் முடியவில்லையே என்று மலைப்பதாக அங்கே ஒரு பழைய நகைச்சுவை உண்டு.

ஆங்கிலேயர் வினையைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். இன்று லண்டனில் யாரும் ஆபீசுக்கு 'ஃபேர்' ஆவதில்லை. போவதற்கு வேறு வினை வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய வினை பிழைத்துக் கிடப்பது நலம் விசாரிக்கும் இடத்தில்தான். பரீட்சை எப்படி எழுதினாய், தேர்தலில் அந்தக் கட்சி எப்படித் தேறியது, ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கும்போது இந்த வினையைக் கூப்பிடுகிறார்கள். போவதைச் சொல்ல வந்த வினை, எப்படி ஆனது என்று சொல்லும் வினையாகத் தேய்ந்துவிட்டது. நாமும் 'வியாபாரம் எப்படிப் போகுது?' என்றுதான் கேட்கிறோம். வியாபாரம் எங்கேயும் போவதில்லை, கடையிலேயேதான் கிடக்கிறது. ஆனால் நாம் 'போ' என்பதன் மற்ற வேலைகளைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் முடிபு: போதல் என்னும் பொருளில் பிறந்த இச்சொல், போதலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இன்று குறிக்கிறது. பயணம் போய்விட்டது, கட்டணம் நின்றுவிட்டது. இனி வரும் பக்கங்கள் இந்த முடிபுக்கு உரை.

ஆகுபெயரியல்

போதலைக் குறித்த சொல் போவதற்குக் கொடுக்கும் காசைக் குறிக்கலாமோ எனின், குறிக்கலாம் என்க. வற்றல் தின்றான், சுண்டல் தின்றான் என்கிறோம். வற்றுவதும் சுண்டுவதும் தொழில், தின்றது பண்டம். தொழிலின் பெயர் அதனோடு தொடர்புடைய பொருளுக்கு ஆகி வந்ததால் இது தொழிலாகுபெயர். அதே முறையில் பயணம் என்னும் தொழிற்பெயர் பயணக் காசுக்கு ஆகி வந்தது. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் காசைக் குறித்த சொல்லால் காசு கொடுக்கும் ஆளையும் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள். இது எவ்வகை ஆகுபெயர்? இரு தரப்பாரும் உண்டு. ஆளும் பயணம் என்னும் தொழிலைச் செய்பவன்தானே, எனவே இதுவும் தொழிலாகுபெயரே என்பார் ஒரு சாரார். அற்றன்று. அப்படியானால் நடந்து போகிறவனும் ஃபேர் ஆக வேண்டும். சைக்கிளில் போகிறவனும் ஆக வேண்டும். ஆகவில்லை. வாடகை வண்டியில் ஏறியவன் மட்டுமே ஃபேர். ஆகவே இது தானியாகுபெயர். 'பாலை வண்டியில் ஏற்று' என்றால் ஏற்றப்படுவது பால் அன்று, பால் இருக்கும் குடம். உள்ளே இருப்பதன் பெயர் அதைத் தாங்கும் கலத்துக்கு ஆகியிருக்கிறது. அவ்வாறே, 'ஃபேரை ஏற்று' என்றால் ஏற்றப்படுவது காசு அன்று. காசு இருக்கும் கலம். அக்கலத்துக்குக் கையும் காலும் குடையும் இருப்பது தற்செயல். வண்டிக்காரரின் கண்ணில் பயணி எப்படித் தெரிகிறார் என்பதை இதைவிடக் கறாராக எந்த இலக்கணமும் சொன்னதில்லை. ஆட்டோவுக்குத் தனித்தமிழ் அன்பர்கள் 'தானி' என்று பேர் வைத்தது இதையெல்லாம் உத்தேசித்தா என்று தெரியவில்லை. வைத்த பேர் பொருந்திவிட்டது.

பயணம் காசாகி, காசு ஆளானதால் இது இருமடியாகுபெயர். 'கார் அறுத்தான்' என்பதில் கருமை மேகமாகி, மேகம் பருவமாகி, பருவம் நெல்லாகி மும்மடியாகுபெயர் ஆனதை நாம் பள்ளியிலேயே படித்தோம். ஆங்கிலேயரிடம் காரும் இருந்தது, ஃபேரும் இருந்தது. இலக்கணம் மட்டும் நம்மிடம் இருந்தது.

இந்த ஆகுபெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் தேம்ஸ் படகோட்டிகளின் பங்கு பெரிது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் லண்டன் பாலம். மற்றபடி படகுதான். படகோட்டிகள் கேட்ட கூலி கட்டுக்கடங்காமல் போகவே, எட்டாம் ஹென்றி காலத்தில் 1514இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஃபேரை வரையறுத்தது. அதுவும் போதாமல் 1555இல் படகோட்டிகளை மேற்பார்வையிட ஓர் அமைப்பையே உண்டாக்கினார்கள். மீட்டருக்கு மேல் கேட்பது என்னும் கலை மீட்டருக்கு முன்பே பிறந்துவிட்டது என்பதற்கு இவ்விரு சட்டங்களும் கல்வெட்டுச் சான்று.

அந்தப் படகோட்டிகளில் ஜான் டெய்லர் என்று ஒருவர் இருந்தார். 1578இல் பிறந்தவர். துடுப்புப் போட்டபடியே பாட்டும் எழுதியதால் தண்ணீர்ப் புலவர் என்று பேர் எடுத்தவர். நாடகக் கொட்டகைகள் ஆற்றின் தென்கரையில் இருந்தவரைக்கும் வடகரைக்காரர்கள் நாடகம் பார்க்கப் படகேறித்தான் வர வேண்டும். படகோட்டிகளுக்குக் கொள்ளை ஃபேர். 1613இல் குளோப் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. நாடகக் குழுக்கள் வடகரைப் பக்கம் ஒதுங்க ஆரம்பிக்கவே, ஃபேர் வற்றியது. படகோட்டிகள் கூடிப் பேசி, நாடகக்காரர்களைத் தென்கரைக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அரசரிடம் மனுக் கொடுக்க டெய்லரை அனுப்பினார்கள். மனு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குச் சக படகோட்டிகள் சொன்ன காரணம்தான் நம் ஆய்வுக்கு வேண்டியது: டெய்லர் நாடகக்காரர்களோடு கார்டினல் தொப்பி என்னும் விடுதியில் இரவு விருந்து சாப்பிட்டுவிட்டுக் காரியத்தைக் கைவிட்டார் என்று பழி கிளம்பியது. அவர் அதை மறுத்துத் தனியாக ஒரு சிறு நூலே எழுத வேண்டியதாயிற்று. அதாவது, ஃபேரை மீட்கப் போனவர் ஃபேர் தின்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆள் ஃபேரையும் காசு ஃபேரையும் சோற்று ஃபேரையும் ஒரே வழக்கில் இழுத்துவிட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவரே. பல்கலைக்கழகங்கள் இவரை இந்தக் கோணத்தில் கவனிக்காதது குறைதான்.

படகு போய்க் குதிரை வண்டி வந்தபோதும் சொல் அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டது. கானன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் 2704ஆம் எண் வண்டிக்காரர் ஷெர்லாக் ஹோம்ஸிடம் வந்து, அன்று தன் வண்டியில் வந்த ஃபேர் தன் பேரை என்னவென்று சொன்னது என்று ஒப்பிக்கிறார். சொன்ன பேர் ஷெர்லாக் ஹோம்ஸ். துப்பறிவாளர் வாயடைத்துப்போகும் அரிய இடங்களில் அது ஒன்று. வண்டிக்காரர் மட்டும் அசரவில்லை. ஃபேர் இரண்டு கினி தருவதாகச் சொன்னது, தந்தது. பேர் எதுவானால் அவருக்கென்ன?

ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்கும் முன் நம் பக்கமும் திரும்பிப் பார்ப்பது ஆய்வு நேர்மை. நம்மூர் ஆட்டோ ஸ்டாண்டில் வேப்பமரத்து நிழலில் பின்சீட்டில் கால்நீட்டிப் படுத்திருக்கும் ஓட்டுநரிடம் அன்றைய நிலவரம் கேட்டால், 'காலைலேர்ந்து ஒரு சவாரிகூட இல்லண்ணே' என்பார். இங்கே சவாரி என்றால் பயணம். செல்போனில் யாரோ கூப்பிட, 'அண்ணே, சவாரிய சென்ட்ரல்ல எறக்கிட்டு நேரா வந்துர்றேன்' என்பார் படுத்த வாக்கிலேயே. இங்கே சவாரி என்றால் ஆள். அந்த ஆள் இன்னும் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம். பஸ்ஸில் இன்னும் தெளிவு. 'டிக்கெட்டெல்லாம் உள்ள போங்க, படியில நிக்காதீங்க' என்று நடத்துநர் குரல் கொடுக்கும்போது உள்ளே போவது காகிதம் அன்று. 'ரெண்டு டிக்கெட் எறங்கணும், விசில் போடாதே' என்று பின்னாலிருந்து கத்துவதும் இவ்வினமே. 'பெரியவர் டிக்கெட் வாங்கிட்டாரு' என்பது மட்டும் இவ்வியலில் அடங்காது, அது ஃபேர்வெல்லுக்குரியது.

உணவியல்

சோறு எப்படி உள்ளே வந்தது? பயணம் எப்படிப் போயிற்று என்று கேட்ட சொல், நாளடைவில் ஆளை எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டது. கவனிப்பு என்றால் எந்த ஊரிலும் சாப்பாடுதான். கல்யாணத்துக்குப் போய் வந்தவரிடம் 'கவனிப்பெல்லாம் எப்படி?' என்று விசாரித்தால் அவர் இலையில் விழுந்த பதார்த்தங்களையே வரிசையாகச் சொல்வார். அவ்வளவுதான் சங்கதி. விடுதிகளில் என்ன உண்டு என்று எழுதி வைத்த பட்டியலை ஆங்கிலேயர் 'பில் ஆஃப் ஃபேர்' என்றார்கள். 'மெனு' என்ற பிரெஞ்சுச் சொல் வந்துதான் அதைப் பின்னால் தள்ளியது. ஹென்றி ஃபீல்டிங் 1749இல் எழுதிய டாம் ஜோன்ஸ் நாவலின் முதல் அத்தியாயத்துக்கே விருந்துக்கான ஃபேர்ப் பட்டியல் என்று தலைப்பு வைத்தார். எழுத்தாளன் காசு வாங்கிக்கொண்டு சோறு போடும் விடுதிக்காரன். பிடிக்காத பண்டத்தைக் குறை சொல்ல வாசகனுக்கு உரிமை உண்டு என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்ட ஆசிரியர் அவர். டிவி சீரியலை 'வழக்கமான ஃபேர்' என்று இன்றைய பத்திரிகைகள் கிண்டலடிப்பதும் அந்த அடுப்பில் வெந்ததே.

சோற்று ஃபேரும் காசு ஃபேரும் தூரத்து உறவு, கல்யாணம் காட்சி என்றால் மட்டும் பார்த்துக்கொள்ளும் என்றுதான் மொழியியலாளர் எண்ணியிருந்தார்கள். நியூயார்க் நகரம் அந்த எண்ணத்தைக் கெடுத்தது.

அந்நகரின் சுரங்க ரயில் 1904இல் ஓடத் தொடங்கியபோது ஃபேர் 5 சென்ட். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. நாணயத்தின் மதிப்பு இறங்கியது. ஃபேர் அதே 5 சென்ட். ஏற்றினால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம் எல்லா ஊர் அரசியல்வாதிக்கும் பொது. 1948இல்தான் 10 சென்ட் ஆக்கினார்கள். 1953இல் 15 ஆனபோது ஒரு புதுச் சிக்கல்: நுழைவாயில் எந்திரத்துக்கு ஒரே ஒரு நாணயம் போடத்தான் வாய் இருந்தது, 15 சென்ட்டுக்குத் தனி நாணயம் கிடையாது. எனவே டோக்கன் என்று ஒரு வில்லையை அடித்துவிட்டார்கள். அது 2003 வரை ஓடியது.

இது ஒரு பக்கம். மறு பக்கம், அதே நகரின் தெருமுனைகளில் தக்காளியும் சீஸும் போட்டு முக்கோணத் துண்டாக விற்கும் பீட்சா. 1980இல் எரிக் பிராம் என்ற காப்புரிமை வழக்கறிஞர் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார்: 1960களின் தொடக்கத்திலிருந்து ஒரு துண்டு பீட்சாவின் விலையும் ஒரு சுரங்க ரயில் பயணத்தின் விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்துவருகின்றன. பீட்சா ஏறினால் ரயில் ஏறும். இதற்குப் பீட்சாக் கோட்பாடு என்றே பேர் வந்துவிட்டது. அடுத்த கட்டண உயர்வை ஊகிக்க, போக்குவரத்துக் கழகத்தின் வரவுசெலவைப் படிப்பதைவிடத் தெருமுனைக் கடையில் விசாரிப்பது மேல் என்று பத்திரிகைக்காரர்கள் பழகிக்கொண்டார்கள். ரயில் ஃபேர் 2023இல் 2 டாலர் 90 சென்ட்டுக்கு வந்தது. பொருளாதார அறிஞர்கள் இதற்குக் காரணம் தேடி அலைகிறார்கள். காரணம் அகராதியில் இருக்கிறது. ஃபேரும் ஃபேரும் ஒரே விலை விற்பதில் என்ன அதிசயம்? ஒரே சொல்லுக்கு இரண்டு விலை வைத்திருந்தால் அல்லவா கேட்க வேண்டும்?

பாஸ்டன் நகரத்துச் சான்று இதைவிடக் கனமானது. 1940களின் இறுதியில் அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் ஃபேரை உயர்த்தியது. ஏறும் இடத்து எந்திரங்களை எல்லாம் மாற்றினால் செலவு என்று, சில தடங்களில் இறங்கும்போது மிச்சக் காசைத் தனியாக வசூலித்தார்கள். 1949இல் மேயர் தேர்தலுக்கு நின்ற வால்டர் ஓப்ரையன் இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். அவருக்காக ஜாக்குலின் ஸ்டெய்னர், பெஸ் லோமாக்ஸ் ஹாஸ் என்ற இரண்டு பெண்கள் ஒரு பாட்டுக் கட்டினார்கள். சார்லி என்று ஒரு மனிதர். ஏறும்போது காசு கொடுத்துவிட்டார், இறங்கும்போது கேட்ட 5 சென்ட் கையில் இல்லை. ஆகவே இறங்கவே முடியாமல் பாஸ்டன் மண்ணுக்கடியில் சாகும்வரை சுற்றிக்கொண்டிருக்கிறார். ஓப்ரையன் தோற்றார். பாட்டு ஜெயித்தது, 1959இல் கிங்ஸ்டன் ட்ரியோ பாடி அது ஊரெல்லாம் பரவியது. பிற்பாடு, 2006இல், அந்த நகரமே தன் பயண அட்டைக்குச் சார்லி கார்டு என்று பேர் சூட்டிவிட்டது. ஃபேர் கட்ட முடியாதவன் பேரில் ஃபேர் அட்டை.

ஆனால் நம் ஆய்வுக்கு வேண்டியவர் சார்லி அல்லர், அவர் மனைவி. அந்த அம்மாள் தினமும் மதியம் ஒரு ஸ்டேஷனுக்கு வந்து, ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாகப் புருஷனுக்கு ஒரு சாண்ட்விச் நீட்டுகிறார். சாண்ட்விச்சோடு ஒரு 5 சென்ட் காசையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கே ஆள் வீடு வந்து சேர்ந்திருப்பார் என்பதை அமெரிக்கர் பல தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. புருஷனுக்கு ஃபேர் இல்லையாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் ஃபேர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பலபொருள் ஒருமொழியால் ஒரு குடும்பம் பிரிந்த கதை என்றே இதைக் கொள்ள வேண்டும். பெண்டாட்டி வேண்டுமென்றே செய்தாள் என்போர் தரப்பும் உண்டு. அதை ஆராய இல்லறவியல் தெரிந்தவர் வர வேண்டும்.

இடைப்பிறவரல்

இந்த இடத்தில் வேர்ச்சொல் ஆர்வலர் ஒருவர் கையைத் தூக்குவார், தூக்கட்டும். லத்தீனில் பகரமாக இருப்பது ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாக மாறும் என்று யாக்கோப் கிரிம் 1822இல் விதி வகுத்தார். லத்தீன் 'பாதர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. 'பிஸ்கிஸ்' என்ற மீன் 'ஃபிஷ்'. அப்படியானால் 'ஃபேர்' பின்னோக்கிப் போனால் 'பேர்'. பேர் என்பது பெயர். பெயர்தல் என்றால் தமிழில் என்ன? இடம்விட்டுப் போதல். புலம்பெயர்ந்தான், இடம்பெயர்ந்தான். பொருள் பொருந்திவிட்டது. இன்னும் கேளுங்கள். 'எத்தனை பேர்?' என்று நடத்துநர் கேட்கிறார். பேர் என்றால் ஆள். 'நாலு பேர்' என்றால் நாலு ஃபேர். ஆள் பொருளும் வந்துவிட்டது. பேரம் பேசுகிறோமே, அது எதைப் பற்றி? ஃபேரைப் பற்றி. இறுதியாக, பேருந்து. பேர்களை உந்துவது பேருந்து. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் பக்கம் ஏறிப் பார்த்தவர் இதை மறுக்க மாட்டார்.

இத்தனையும் தவறு. பேருந்து என்பது பெரிய உந்து. ஆங்கிலச் சொல்லின் உறவெல்லாம் 'ஃபெர்ரி' என்ற ஓடத்தோடும் 'ஃபோர்ட்' என்ற ஆற்றுத்துறையோடும்தான். நம் பேருக்கும் அதற்கும் ஓசை ஒற்றுமை தவிர வேறில்லை. ஆனால் இவ்வளவு அழகாகப் பொருந்தும் ஒரு தவறு, மாநாட்டில் பொன்னாடை வாங்காமல் போவது கஷ்டம்.

பிள்ளைகள்

தாய் வினை படுத்துவிட்டாலும் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் கூட்டாளிச் சொல்லோடு குடித்தனம் செய்கின்றன. 'வார்ஃபேர்' போர், நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்த போரும் நம் சொல்லும் கூடிப் போருக்குப் போதல் என்று ஆனது. படையெடுத்துச் செல்வதற்கென்றே வஞ்சி என்று தனித் திணை வகுத்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. 'வெல்ஃபேர்' நலம், 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தபின் பிரிட்டனில் அது மக்கள்நல அரசு என்று பெரிய பதவிக்குப் போய்விட்டது. ஆக, நலமாகப் போனாலும் ஃபேர், சண்டைக்குப் போனாலும் ஃபேர். 'த்ரோஃபேர்' பொதுவழி, இல்லை என்ற சொல்லை முன்னால் போட்டுப் பலகையில் எழுதினால் முட்டுச் சந்து. 'ஃபீல்ட்ஃபேர்' ஒரு பறவை. குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி பிரிட்டனுக்கு வரும் பூங்குருவி இனம். பேரில் ஃபேரை வைத்துக்கொண்டு ஃபேர் கொடுக்காமல் வருடந்தோறும் வந்துபோவது அது ஒன்றுதான்.

'ஃபேர்வெல்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 'ஃபேர்', 'வெல்' என்று பிரித்தால், நன்றாகப் போ என்னும் ஏவல். இருப்பவர் போகிறவரைப் பார்த்துச் சொல்லும் வாழ்த்து. போகிறவர் இருப்பவருக்குச் சொல்வதற்கு 'குட்பை' இருந்தது. கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்பதன் சுருக்கம் அது. இன்று யார் எதைச் சொல்வது என்ற ஒழுங்கு அங்கே போய்விட்டது. நம் கல்லூரிகளில் 'ஃபேர்வெல்' என்றால் பட்டுச்சேலை, கேக், குரூப் போட்டோ. போகிற பிள்ளைகளிடமே காசு வசூலித்து நடத்துவதும் உண்டு. அந்த வகையில் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லை.

ஓசையில் உடன்பிறந்தாள்போல் வந்து நிற்கும் இன்னொரு 'ஃபேர்' உண்டு. அழகு, நேர்மை என்று பொருள்படும் அது வேறு குடும்பம். சந்தையைக் குறிக்கும் 'ஃபேர்' லத்தீனிலிருந்து வந்த மூன்றாம் குடும்பம். ஆங்கிலேயர் கட்டணத்தை மட்டும் எழுத்தில் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள். நாம் எல்லோரையும் ஒரே ஆய்த எழுத்தில் அடைத்துவிட்டோம். ஃபேர் காப்பி எழுதியதும், ரேஷன் கடைக்கு ஃபேர் பிரைஸ் ஷாப் என்று பலகை வைத்ததும், ஃபேர் அண்ட் லவ்லி பூசியதும், 1977 முதல் சென்னையில் புக் ஃபேருக்குப் போவதும் நமக்கு ஒரே ஃபேர்தான். முகக் களிம்புக்காரர்கள் 2020இல் தங்கள் ஃபேரைக் கைவிட்டுவிட்டார்கள். கூட்டம் ஒன்று குறைந்தது.

வழக்கியல்

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பக்கமா என்று கேட்போருக்கு முன்னுதாரணம் காட்ட வேண்டியிருக்கிறது. 1981இல் லண்டன் பெருநகர மன்றத்தைத் தொழிற்கட்சி பிடித்தது. கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். வந்த வேகத்தில் அக்டோபர் மாதம் பஸ், சுரங்க ரயில் கட்டணத்தைச் சராசரியாக 32 விழுக்காடு குறைத்தார். திட்டத்துக்கு வைத்த பேர் 'ஃபேர்ஸ் ஃபேர்': கட்டணமும் நியாயமும் கைகோத்த சிலேடை. குறைந்த பணத்தை ஈடுகட்டச் சொத்துவரியை ஏற்றினார்கள். புரோம்லி என்ற பகுதிக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் எல்லைக்குள் சுரங்க ரயில் நிலையம் ஒன்றுகூட இல்லை. ஏறாத ரயிலுக்கு எங்களிடம் எதற்கு ஃபேர் என்று வழக்குப் போட்டார்கள்.

வழக்குப் பிரபுக்கள் சபை வரை போனது. அங்கே ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, 1969ஆம் வருடத்துச் சட்டத்தில் லண்டன் போக்குவரத்து 'எகனாமிக்' ஆக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆராய்ந்தார்கள். பக்கம் பக்கமாக ஆராய்ந்து, வரி கட்டுவோர் பணத்தை இப்படிச் செலவழிப்பது செல்லாது என்று டிசம்பரில் ஐவரும் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருடம் மார்ச் மாதம் லண்டனில் ஃபேர் ஏறக்குறைய இரட்டிப்பானது. சிலேடையை நம்பி ஆட்சி நடத்தக் கூடாது என்பதற்கு ஆங்கிலச் சட்டத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் இதுவாக இருக்கலாம். உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்கு மூன்று பக்கம் எழுதினால் நமக்குக் கொட்டாவி வருகிறது. அங்கே பிரபுக்கள் எழுதினார்கள், ஊரே கூடுதல் டிக்கெட் எடுத்தது.

புறனடை

மேலே சொன்னவற்றுள் அடங்காதது ஒன்று மிச்சம். லக்சம்பர்க் நாடு 2020இல் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றிலும் ஃபேரை ஒழித்துவிட்டது. ரயிலில் முதல் வகுப்பில் மட்டும் காசு. தமிழ்நாட்டில் 2021 முதல் நகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துநர் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். காசு இல்லாத கலத்தைத் தானியாகுபெயரால் வழங்கலாமா? காலிக் குடத்தைப் 'பால்' என்று யாரும் ஏற்றுவதில்லை. ஆகவே லக்சம்பர்க்கில் முதல் வகுப்பில் போகிறவர் மட்டுமே ஃபேர், மற்றவர்கள் வெறும் மனிதர்கள் என்பது நூலின் முடிபு. நம் பெண்களை நடத்துநர் தொடர்ந்து 'டிக்கெட்' என்று அழைக்க இலக்கணம் இடம் தருகிறது. சீட்டு கையில் இருக்கிறது.

இம்முடிபுகளை மறுக்க விரும்பும் அறிஞர்கள் தாராளமாக மறுக்கலாம். விஷயம் சில்லறையானது, மறுப்புரையோடு வருவோர் சரியான சில்லறை கொண்டுவந்து உதவவும்.